வயிற்றுப் புண்



குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு, "வயிறு எரிகிறது, கேஸ்ட்ரிக்தான்" என்பது. காரம் தின்றதாலும் வேளைக்குச் சாப்பிடாததாலும் வந்தது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். அது சரிதானா?

உணவைச் செரிக்க நம் இரைப்பையில் அமிலம் சுரக்கிறது. அந்த அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதபடி வழவழப்பான ஒரு படலம் காக்கிறது. படலம் பழுதானால் அமிலம் சதையில் பட்டுப் புண்ணாகிறது. இரைப்பையை அடுத்த சிறுகுடலிலும் இப்புண் வரும்.

படலத்தைப் பழுதாக்குபவை முக்கியமாக இரண்டு. ஒன்று, ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள் 1982இல் இதனை வளர்த்துக் காட்டினர். மற்றவர்கள் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் அவருடைய இரைப்பை அழற்சி கண்டது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி அதிகம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பெரும்பாலும் சிறுவயதிலேயே குடும்பத்துக்குள் தொற்றுகிறது.

மற்றொன்று, வலி மாத்திரை. பால்மரம் சீவியும் செம்பனைக் குலை சுமந்தும் இடுப்பு நோகும்போது, கடையில் வாங்கி விழுங்குகிறோமே, அதுதான். ஆஸ்பிரின், டைக்ளோபினாக் போன்றவை படலத்தை மெலியச் செய்யும். மூட்டுவலிக்கு விற்கும் சில ஜாமுக்களிலும் இத்தகைய மருந்துகள் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. புகையும் மதுவும் புண்ணை ஆறவிடா. காரமோ கவலையோ எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் அவை புண்ணுக்கு மூலகாரணம் அல்ல.

அடையாளங்கள் எவை? மேல்வயிற்றில் எரிச்சல், உப்புசம், குமட்டல். சிறுகுடல் புண்ணானால் வெறும் வயிற்றிலும் நடுஇரவிலும் வலித்து, சாப்பிட்டதும் தணியும். இரைப்பைப் புண்ணோ சாப்பிட்டபின் வலிக்கக்கூடும். மலம் தார்போலக் கறுத்தாலும், வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற பொருளோ வந்தாலும், வயிறு திடீரெனப் பலகைபோல் இறுகி வலித்தாலும், அது உயிருக்கே ஆபத்து. விடியட்டும், சம்பள நாள் வரட்டும் என்று காத்திராமல், 999க்கு அழைத்து உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

சிகிச்சை உண்டா? நிச்சயமாக உண்டு. மூச்சு, மலப் பரிசோதனைகளால் கிருமியைக் கண்டறியலாம். தேவையானால் குழாய்விட்டு உள்ளே பார்ப்பார்கள். கிருமி இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு இரண்டு வகைக் கிருமிக்கொல்லி மருந்துகளைப் பெரும்பாலும் 14 நாள் தருவார்கள். மூன்றாம் நாளே வலி நின்றுவிட்டதென்று மாத்திரையை நிறுத்தக்கூடாது. எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். பால் குடித்தால் எரிச்சல் சற்று அடங்கும், புண் ஆறாது.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். ஒருநாள் கூலி போகிறதே என்று தயங்குகிறோம்; புண் முற்றி இரத்தம் கசிந்தால் போவது ஒருநாள் கூலியோடு நிற்காது. கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டிலுள்ள மாத்திரைகள், ஜாமு அனைத்தையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுவோம். சாப்பிடுமுன் கை கழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுப்போம்.