பழைய வீட்டுக்குப் புது வாழ்வு



லயத்துக்கு வயதாகிவிட்டது. கூரை ஒழுகுகிறது, பலகை உளுத்துவிட்டது. "இடித்துவிட வேண்டியதுதான்" என்று சொல்வது எளிது. ஆனால் அதில் குடியிருக்கும் குடும்பம் எங்கே போகும்? இந்தக் கேள்வி தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனும் பல்லாண்டுகளாக இதே கேள்வியோடு போராடி வருகிறது. அந்தக் கதையை இன்று பார்ப்போம்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போனவர்கள் அங்குள்ள கடைவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். கீழே கடை, மேலே குடித்தனம். வாசலில் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அஞ்சடி. நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்கி வரும் திறந்த முற்றம். செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர். மேலே களிமண் ஓடு. மின்விசிறி இல்லாத காலத்திலேயே வெப்பத்தைத் தாங்கும்படி கட்டிய வீடுகள் இவை.

இவற்றில் ஏழைகள் எப்படி வாழ்ந்தார்கள்? 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவர்களைக் காத்தது. 1948 ஜனவரி 31க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை வீட்டுக்காரர் நினைத்தபடி உயர்த்த முடியாது. ஒரே வீட்டை அறை அறையாகத் தடுத்துப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. வருமானம் குறைந்ததால் வீட்டுக்காரர் பலர் பழுது பார்க்கவில்லை. கூரை சரிந்தது, சுவரில் செடி முளைத்தது.

1997இல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவாயிற்று. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது பாதுகாப்பு முற்றும் போய்விட்டது. வாடகை ஏறியது, பல குடும்பங்கள் வெளியேறின. ஆளில்லாத வீடு சீக்கிரம் அழியும் என்பது நமக்குத் தெரியாததா? சில வீடுகள் பாழாயின. சில, விலையுயர்ந்த கூட்டுக்காகக் குருவி வளர்க்கும் இடங்களாயின. மனிதர் போன வீட்டில் குருவி குடியேறிய கதை இது.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அதனால் பழைய கட்டடங்களைக் கண்டபடி இடிக்க முடியாது. இது நல்லதே. ஆனால் புதுப்பித்த வீடுகள் பல, தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. கட்டடம் பிழைத்தது, குடித்தனம் பிழைக்கவில்லை.

இரண்டையும் காக்க வழியில்லையா? உண்டு. ஆர்மீனியன் தெருவில் ஹொக் தேக் செங் சின் என்ற சீனக் கோயிலுக்குச் சொந்தமான கடைவீடுகள் உள்ளன. கோயில் அறங்காவலர்கள் திங்க் சிட்டி என்னும் நிறுவனத்தின் துணையோடு அவற்றைச் செப்பனிட்டார்கள். பழைய குடித்தனக்காரர்கள் தாங்கக்கூடிய வாடகையில் அங்கேயே வாழவேண்டும் என்பதே நோக்கம். பழைய நகரில் கோயில், பள்ளிவாசல் வக்பு, சீனக் குலச்சங்கம் ஆகியவற்றுக்குச் சொந்தமான வீடுகள் ஏராளம். இன்றே விற்று இலாபம் காணவேண்டிய அவசரம் அறக்கட்டளைக்கு இல்லை. ஆகவே இந்த வழி மற்ற இடங்களிலும் பலிக்கக் கூடியது.

செப்பனிடுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் கூரை, அடுத்து தண்ணீர்த் தாரை, பிறகே சுவர். மழைநீர் உள்ளே இறங்கும்வரை வேறு எந்தச் செலவும் வீண். பழைய சுவர் தரையின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் பொடியும். அழகுக்காகச் செய்த வேலை வீட்டையே கெடுத்துவிடும். கடைசியாக மின்கம்பி, கழிப்பறை, தீப்பாதுகாப்பு.

இதனால் செலவு மிச்சமா என்று கேட்பீர்கள். அடித்தளமும் சுவரும் ஏற்கெனவே நிற்கின்றன. புதிதாகச் செங்கல் சுடவோ சிமெண்ட் காய்ச்சவோ எரிபொருள் வேண்டாம். இடித்த குப்பையைக் கொட்ட இடமும் வேண்டாம். பிரான்சில் போர்தோ நகரில் 530 வீடுகள் கொண்ட மூன்று பழைய அடுக்குமாடிகளை, குடியிருந்தவர்களை வெளியேற்றாமலே விரிவாக்கிப் புதுப்பித்தார்கள். அதைச் செய்த கட்டடக் கலைஞர்கள் லகாத்தோனும் வசாலும் 2021இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றார்கள்.

எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்ற முடியும் என்று நாம் சொல்லவில்லை. அடித்தளம் அமிழ்ந்த வீட்டில் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியாது. ஆனால் அதைத் தகுந்த பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். இடம் வேண்டும் என்பவர் சொல்லவேண்டாம்.

நேயர்களே, நம் லயத்துக்கும் ஒருநாள் இந்தப் பேச்சு வரலாம். அப்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் செப்பனிட முடியாது என்று சோதித்துப் பார்த்தீர்களா? வேலை நடக்கும்போது நாங்கள் எங்கே இருப்போம்? முடிந்தபின் அதில் வாழப்போவது யார்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி வீட்டை விட்டு இறங்காதீர்கள்.

வீடு என்பது சுவர் மட்டுமன்று. அதில் எரியும் அடுப்பும் சேர்ந்ததே வீடு.