சுவடியைத் திறப்பது யார்?

(பழவங்காடியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நூலகங்களில் பூட்டிக் கிடக்கும் பழைய புஸ்தகங்களையும் ஓலைச்சுவடிகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லோரும் படிக்கும்படி செய்வதே என் உத்தியோகமாக இருந்தது. அதைப் பற்றிப் பேசப் பழவங்காடி மிகவும் பொருத்தமான இடம். பிள்ளையாரைத் தரிசித்துவிட்டுக் கோட்டைப் பக்கம் போனால் மத்திய ஆவணக் காப்பகம் இருக்கிறது. திருவிதாங்கூரின் பழைய ஓலை ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்க 2022ல் அங்கே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். பாளையத்தில் 1829ல் தொடங்கிய பொது நூலகம். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம். அங்கே 65,000க்கும் மேற்பட்ட நூல்கள் சுவடிகளாக உள்ளன.

கம்ப்யூட்டருக்கு வெகுகாலம் முன்பே இந்தப் பணியைச் செய்தவர் மஹாமஹோபாத்யாய கணபதி சாஸ்திரிகள். 1860ல் திருநெல்வேலிச் சீமையில் தருவை கிராமத்தில் பிறந்தவர். சுவடிகளை அச்சிட 1908ல் திருவிதாங்கூர் சமஸ்தானம் தொடங்கிய துறைக்குப் பொறுப்பேற்றார். மறு வருஷமே பத்மநாபபுரம் அருகே மணலிக்கரை மடத்தில் ஓர் ஓலைக்கட்டு அவர் கைக்கு வந்தது. மலையாள லிபியில் எழுதிய சம்ஸ்கிருத நாடகங்கள். காளிதாசனே பெயர் சொல்லும் பாஸனுடையவை இவை என்று சாஸ்திரிகள் தீர்மானித்து, 1912 முதல் மொத்தம் 13 நாடகங்களைப் பதிப்பித்தார். ஆசிரியர் யார் என்ற விவாதம் அறிஞர்களிடையே பின்னர் எழுந்தது. ஆனாலும் நாடகங்கள் உலகத்துக்குக் கிடைத்துவிட்டன.

யோசித்துப் பாருங்கள். அந்த ஓலை தொலைந்து போகவில்லை. பத்திரமாகத்தான் இருந்தது. அது இன்னதென்று அறிந்து சொல்ல ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இன்றைக்கும் நிலைமை அதுவே.

படம் எடுப்பது எங்கள் வேலையில் சுலபமான பகுதி. மெல்லிய தூரிகையால் தூசி தட்டி, புல்தைலம் தடவி, எழுத்து தெரிய மை பூசி, இரு பக்கமும் எடுத்துவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். ஒரே கட்டில் நாலைந்து நூல்கள் இருக்கும். முதல் நூலின் பெயரை மட்டும் பட்டியலில் எழுதினால், மற்றவை ஓலையில் தூங்கியது போலக் கம்ப்யூட்டரிலும் தூங்கும். தேடுகிறவர் கண்ணில் படவே படாது. நூலின் பெயர், ஆசிரியர், லிபி, ஏடுகளின் எண்ணிக்கை, முதல் வரி, கடைசி வரி இவ்வளவும் எழுத, கிரந்தமும் பழைய மலையாள எழுத்தும் வாசிக்கத் தெரிந்தவர் வேண்டும். கிரந்த எழுத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2014ல்தான். இயந்திரம் இப்போது ஓரளவு வாசிக்கப் பழகி வருகிறது. அது வாசித்தது சரியா என்று பார்க்கவும் மனிதர்தான் வேண்டும். அப்படி வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். காமிரா நாளைக்கும் கிடைக்கும். அவர்கள் கிடைக்க மாட்டார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று, அக்ரஹாரத்து வீட்டை விற்கும்போது பரணில் இருக்கும் கட்டுகளைக் குப்பையோடு தள்ளிவிடாதீர்கள். நீங்களாக எண்ணெய் தடவவும் வேண்டாம். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சுவடி நூலகம் ஒன்றைக் கேளுங்கள். படம் எடுத்தபின் மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ள முடியுமா என்பதையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

இரண்டு, பம்பாயிலோ டெல்லியிலோ இருக்கும் அங்கத்தினர்களும் உதவலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் பல தேசங்களிலிருந்த தமிழர்கள் அவரவர் வீட்டிலிருந்தே பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக அளித்தார்கள். சம்பளம் வாங்காமல் செய்த காரியம் அது.

மூன்று, குழந்தைகளே, கிரந்தம் கற்றுக்கொள்ளுங்கள். தமிழும் மலையாளமும் தெரிந்த உங்களுக்குப் பாதி எழுத்து முன்பே பழக்கமானது போலத் தோன்றும். தினம் அரைமணி போதும். தாத்தா, பாட்டி யாருக்காவது தெரிந்திருந்தால் இந்த விடுமுறையிலேயே பக்கத்தில் உட்காருங்கள்.