கண்டவர் கையில் கேமரா



மக்கள் தொடர்பு என்றதும் இன்று எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். வதந்தி பரவுமுன் பதில் சொல், ஒரு மணி நேரத்துக்குள் அறிக்கை விடு என்கிறார்கள். எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். சமூக ஊடகத்தில் சிக்கிக்கொண்டு விழிக்கும் நிறுவனங்களில் பலவும் தாமதத்தால் சிக்குவதில்லை. விசாரிக்காமல் வாய் திறந்து சிக்குகின்றன. இந்த நோய் சமூக ஊடகத்துக்கு மிக மூத்தது.

மக்கள் தொடர்புத் தொழிலின் முன்னோடி என்று பாடநூல்கள் சொல்லும் ஐவி லீயையே எடுத்துக்கொள்வோம். 1906இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்காக அவர் வேலை பார்த்தார். விபத்து நடந்தால் செய்தியாளர்களை அண்டவிடாமல் மூடி மறைப்பதே அக்கால ரயில் நிறுவனங்களின் வழக்கம். லீயோ நிறுவனத்தின் செலவிலேயே அவர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துப்போனார். அந்த அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் கவிழ்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது அவர் எழுதித் தந்த அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் அப்படியே அச்சிட்டது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: சம்பவ இடத்தின் சாவி அன்று நிறுவனத்திடம்தான் இருந்தது. திறந்துவிட்டதற்கே பாராட்டு கிடைத்தது.

அதே லீ, எட்டு ஆண்டுகள் கழித்து. 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்து லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. குழிக்குள் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டனர். சுரங்க நிறுவனத்தின் பெரும்பங்கு ராக்பெல்லர் குடும்பத்துடையது. அவர்களுக்காக லீ தயாரித்த துண்டறிக்கைகளில் தொழிற்சங்கத் தலைவர்களின் வருமானம் பன்மடங்கு ஊதிக் காட்டப்பட்டிருந்தது. சரிபார்க்க என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று 1915இல் விசாரணை ஆணையம் கேட்டபோது, எதுவும் எடுக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். நிர்வாகம் கொடுத்ததை வாங்கி அச்சுக்கு அனுப்பியிருந்தார். ஆனால் அந்தக் குட்டு உடையப் பல மாதங்கள் ஆயின.

இனி 2017க்கு வருவோம். ஏப்ரல் 9, சிகாகோ ஓ'ஹேர் விமான நிலையம். லூயிவில் போகும் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு, வேறொரு விமானத்துக்குப் போக வேண்டிய பணியாளர்கள் நால்வருக்கு இடம் தேவைப்படுகிறது. 800 டாலர் தருவதாகச் சொல்லியும் யாரும் எழவில்லை. நிர்வாகமே நால்வரைப் பொறுக்கியது. ஒருவர் மறுத்தார். விமான நிலையக் காவலர்கள் அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி, முகத்தில் ரத்தம் வழிய, நடைவழியில் இழுத்துச் சென்றார்கள். சக பயணிகளின் கைகளில் செல்பேசிகள் இருந்தன.

யுனைடெட் ஒன்றும் தாமதிக்கவில்லை. மறுநாளே தலைமை நிர்வாகி ஆஸ்கார் முனோஸின் அறிக்கை வந்தது: பயணிகளுக்கு மாற்று இடம் ஏற்பாடு செய்ய நேர்ந்ததற்காக வருந்துகிறோம். ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமோ அந்தப் பயணியை முரண்டு பிடித்தவர் என்றது. அதற்கு ஆதாரம்? ஊழியர்கள் எழுதித் தந்த முதற்கட்டக் குறிப்பு. லட்லோ கதைதான் மீண்டும், இம்முறை உலகமே காணொளியைப் பார்த்துவிட்டு அறிக்கையைப் படித்தது. முழு மன்னிப்பு ஏப்ரல் 11இல் வந்தது. இதற்கு முந்தைய மாதம்தான் மக்கள் தொடர்புத் துறை இதழான பி.ஆர்.வீக் முனோஸை ஆண்டின் சிறந்த தொடர்பாளராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அந்த ஆசிரியர் குழுவை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது.

இத்தனைக்கும் யுனைடெட் 2009லேயே ஒரு பாடம் படித்திருந்தது. கனடா நாட்டுப் பாடகர் டேவ் கரோல், யுனைடெட் விமானப் பயணத்தில் உடைந்த தன் கிதாருக்கு இழப்பீடு கேட்டுப் பல மாதங்கள் அலைந்தார். கிடைக்காததால் ஒரு பாட்டுக் கட்டி யூடியூபில் போட்டார். கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. புகார்க் கடிதத்தைக் கோப்பில் புதைக்கலாம், பாட்டை என்ன செய்வது?

2017 ஏப்ரல் இறுதியில் யுனைடெட் சில விதிகளை மாற்றியது. விமானம் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடங்கள் முன்பாகவே பணியாளர்களுக்கு இடம் பதிவாகிவிட வேண்டும். பாதுகாப்புப் பிரச்சினை இருந்தாலொழிய பயணியை இறக்கக் காவலர்களைக் கூப்பிடக் கூடாது. இடத்தை விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை தரலாம். அந்த மூன்று வாரங்களில் அவர்கள் வெளியிட்டவற்றில் நான் மதிப்பெண் போடுவது இந்தப் பட்டியலுக்கு மட்டும்தான். அறிக்கை எழுதும் பிரிவு மட்டும் உட்கார்ந்து 60 நிமிட விதியை எழுதிவிட முடியாது. எந்தப் பணியாளரை எந்த விமானத்தில் ஏற்றுவது என்று தீர்மானிப்பவர்களும் கூட இருந்தாக வேண்டும்.

பயிற்சிக்கு நிறுவனங்களுக்குப் போகும் மாணவர்களே, மாதம் முழுவதையும் மக்கள் தொடர்புப் பிரிவின் ஏசி அறையில் கழித்துவிடாதீர்கள். புகார் வாங்கும் கவுண்ட்டரில் ஒரு வாரமாவது நிற்க அனுமதி கேளுங்கள். தயங்குவார்கள், விடாமல் கேளுங்கள்.