ஆனைக்கற்றாழையும் நார்க்கற்றாழையும்



கற்றாழை என்றவுடன் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுவது வைத்தியத்துக்கு உதவும் சோற்றுக்கற்றாழையே. இன்று எடுத்துக்கொண்ட விஷயம் அதுவன்று. ரயில் பாதை ஓரங்களிலும் தோப்பு வரப்புகளிலும் வேலியாக நிற்கும் ஆனைக்கற்றாழையும், அதன் இனத்தைச் சேர்ந்த நார்க்கற்றாழையுமே இப்பேச்சின் பொருள். சோற்றுக்கற்றாழை அரேபியா தேசத்தது. இவ்விரண்டும் மெக்ஸிகோ தேசத்தவை. உருவ ஒற்றுமையால் ஒரே பெயர் பெற்றனவேயன்றி, உறவு வெகு தூரமானது. பெயரை நம்பி ஆனைக்கற்றாழைச் சாற்றை உடம்பில் தடவிக்கொண்டவர்கள் அரிப்பும் கொப்புளமும் கண்டு வருந்துவதுண்டு.

இரண்டையும் பிரித்தறிதல் எளிது. ஆனைக்கற்றாழை மடலின் இரு ஓரங்களிலும் கொக்கி போன்ற முட்கள் வரிசையாக இருக்கும். மடல் சாம்பல் பூத்த நீல நிறமுடையது. நார்க்கற்றாழை மடலோ வாள்போல் நேராக, ஓரத்தில் பெரும்பாலும் முள்ளின்றி, நுனியில் மட்டும் ஊசி போன்ற கரிய முள் கொண்டிருக்கும். வேலிக்கு முன்னதும் நாருக்குப் பின்னதும் ஏற்றவை.

இச்செடி வறட்சியைத் தாங்குவதற்குக் காரணம் அதன் சுவாச முறையாகும். மற்றப் பயிர்கள் பகலில் இலைத்துளைகளைத் திறக்க, இது வெயிலில் அவற்றை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவிலேயே திறக்கிறது. அதனால் நீர் ஆவியாகிப் போவது மிகச் சொற்பம். தடித்த மடல்களே அதற்குத் தண்ணீர்க் குதிர். ஆனால் வறட்சியைத் தாங்கும் செடி தண்ணீர்த் தேக்கத்தைத் தாங்காது. களிமண் பள்ளத்தில் நட்டால் அடித்தண்டு அழுகிவிடும். கல்லும் சுண்ணாம்புச் சத்தும் கலந்த, நீர் வடியும் மேட்டு நிலமே அதற்கு உகந்தது. நெல்லும் கடலையும் விளையும் நிலத்தில் இதை வைப்பது புத்தியீனம்.

நார்க்கற்றாழை விதையால் பெருகுவதில்லை. வாழை குலை தள்ளி மடிவதுபோல், இதுவும் ஏழெட்டு வருஷங்களுக்குப் பின், சில சமயம் இன்னும் தாமதமாக, ஆள் உயரத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு உயர்ந்த பூங்கம்பம் ஒன்றை விட்டு, ஒரே முறை பூத்து மடிந்துபோகும். அக்கம்பத்தில் நூற்றுக்கணக்கான குட்டிக் கன்றுகள் தோன்றும். அவற்றைச் சேகரித்து நாற்றங்காலில் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை வளர்த்து, மழை தொடங்கும் சமயத்தில் நிலத்தில் நட வேண்டும். அடியில் கிளைக்கும் பக்கக் கன்றுகளையும் நடலாம். எவ்வாறாயினும் குருத்தில் மண் விழாதபடி, கழுத்துவரை மட்டுமே புதைத்தல் அவசியம்.

இரட்டை வரிசையாக நடுவது நலம். வரிசைக்கு வரிசை 3 அடி, செடிக்குச் செடி 3 அடி, அடுத்த ஜோடி வரிசைக்கு நடுவே 12 அடி இடைவெளி என வைத்தால், ஏக்கருக்கு 1,900 செடிகளுக்குச் சற்று அதிகமாகக் கொள்ளும். இவ்விடைவெளியின்றி நெருக்கி நட்டவர்கள் பின்னர் மடல் அறுக்க உள்ளே புக முடியாமல் முள்ளில் கிழிபடுவர். முதல் இரண்டு வருஷங்கள் களை பிடுங்குதல் தவிரச் சிரமமில்லை. பக்கக் கன்றுகளை மட்டும் அவ்வப்போது அகற்ற வேண்டும். இல்லாவிடில் அவை தாய்ச் செடியின் சத்தை உறிஞ்சிவிடும்.

மூன்றாம் வருஷத்துக்குப் பிறகே முதல் அறுப்பு. நுனி முள்ளை முதலில் வெட்டி எறிந்துவிட்டு, அடி மடல்களை மட்டும் அறுத்து, குருத்தைச் சுற்றிச் சுமார் 20 மடல்களை விட்டுவிடுதல் வேண்டும். பேராசையால் மேல் மடல்களையும் அறுத்தால் செடி மெலிந்து நாரும் குட்டையாகிவிடும். செடியொன்று தன் ஆயுளில் 200 முதல் 250 மடல்கள் தரும்.

கூட்டுறவுக்கு இங்கேதான் வேலை. நூறு மணங்கு மடலில் கிடைக்கும் உலர்ந்த நார் ஏறக்குறைய 4 மணங்கு. மற்ற 96 மணங்கும் தண்ணீரும் சக்கையுமே. இதை வண்டியிலேற்றித் தூரத்து ஆலைக்கு அனுப்பினால் வாடகைக்கும் கட்டுப்படாது. அறுத்த மடலை இரண்டு நாட்களுக்குள் உரிக்காவிட்டால் நார் நிறம் மங்கும். ஆகையால் உரிக்கும் யந்திரம் தோட்டத்தருகிலேயே இருக்க வேண்டும். அரை ஏக்கர் குடியானவர் தனியே யந்திரம் வாங்குவது இயலாத காரியம். அடுத்தடுத்த நிலத்தார் பலர் சேர்ந்து, முறை வைத்து அறுத்தால் இயலும்.

யந்திரமில்லாதவர்கள் மடலைக் குளத்தில் ஊற வைத்து அடித்து நார் எடுப்பர். ஊறிய நீர் நாறி, மீன் செத்து, அதில் குளிப்போருக்குச் சொறி காணும். குடிநீர்க் குளத்தில் இதை ஒருபோதும் அனுமதிக்கலாகாது. தனித் தொட்டி கட்டிக்கொள்ளட்டும்.

இந்நாரின் வியாபாரச் சரித்திரத்தையும் அங்கத்தினர் அறிந்திருத்தல் நன்று. 1893-ம் வருஷம் ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்னும் ஜெர்மானியர் பிளாரிடாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு 1,000 கன்றுகள் தருவித்தார்; பிழைத்தவை 62. அவற்றிலிருந்து பெருகிய தோட்டங்கள், 1960-களின் நடுவில் வருஷத்துக்கு 2 லக்ஷம் டன்னுக்கு மேல் நார் தந்தன. பின்னர் பிளாஸ்டிக் கயிறு மலிவாக வரவே, விலை சரிந்து அநேகம் தோட்டங்கள் காடாயின. இன்று இந்நாரை அதிகம் விளைவிப்பது பிரேஸில் தேசம். ஆகையால் கயிற்றுக்கும் பாய்க்கும் நார் வாங்குவோர் யார், என்ன விலை என்பதைத் தீர விசாரியாமல் ஒரு கன்றும் நடலாகாது. செடியோ மூன்று வருஷம் காக்கவைக்கும்.

பிரேஸிலில் கைப்பிடித்து மடலைத் திணிக்கும் பழைய மாதிரி உரிப்பு யந்திரத்தில் விரலையும் கையையும் இழந்த தொழிலாளிகள் பலர். மலிவென்று அத்தகைய யந்திரத்தைச் சங்கம் வாங்கலாகாது. உருளைக்கும் கைக்கும் இடையே தடுப்பு இருக்கிறதா, கை எட்டும் இடத்தில் நிறுத்தும் விசை உண்டா என்பதை நிர்வாகக் கமிட்டியார் நேரில் ஓட்டிப் பார்த்த பின்பே பணம் கட்ட வேண்டும். உரித்த சக்கையை மக்கவைத்து அதே நிலத்துக்குத் திருப்பிப் போடுவது அறுப்பில் போன சுண்ணாம்பையும் சாம்பல் சத்தையும் ஓரளவு மீட்டுத் தரும்; அதற்கான குழியை யந்திரக் கொட்டகை போடும்போதே வெட்டிவிடுவது சௌகரியம்.