கரி நம்ம மண்ணுல, மெத்தனால் யாருக்கு?

நெய்வேலி பகுதி பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து...

நிலத்தைக் கொடுத்துட்டு இன்னும் நிரந்தர வேலைக்குக் காத்திருக்கிற என் தம்பிகளே!

"இனிமே நிலக்கரியை எரிக்க மாட்டோம், சுத்தமான எரிபொருளா மாத்தப் போறோம்"னு சொல்றாங்க. 2030-க்குள் ஆண்டுக்கு 10 கோடி டன் கரியை வாயுவாக்குவது ஒன்றிய அரசின் இலக்கு. அதற்கு 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகையை 2024 ஜனவரியில் அமைச்சரவை ஒதுக்கியது. நம்ம நெய்வேலிக்கும் பழுப்பு நிலக்கரியிலிருந்து நாளொன்றுக்கு 1,200 டன் மெத்தனால் எடுக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது.

புரியாம எதிர்க்கிறதும் தப்பு, புரியாம கைதட்டுறதும் தப்பு. அதனால முதல்ல விஷயத்தைப் பார்ப்போம்.

கரியை முழுசா எரிய விடாமல், அளவாக ஆக்சிஜனும் நீராவியும் செலுத்தினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். கந்தகத்தை நீக்கி, வினையூக்கி மேல் அனுப்பினால் மெத்தனால், டீசல், அம்மோனியா, யூரியா என்று எதுவும் செய்யலாம். டீசல் எடுக்கும் வழியை 1925-லேயே ஜெர்மனியில் பிஷரும் டிராப்சும் கண்டுபிடிச்சாங்க. தென்னாப்பிரிக்கா 1955-இல் சசோல்பர்க்கில் தொடங்கி, இன்னைக்கும் செகுண்டாவில் கரியிலிருந்து பெட்ரோல் எடுக்குது.

நமக்கு மட்டும் இது புதுசா? 1966-லேயே இதே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி யூரியா தயாரிச்சோம்! நம்ம அம்மாக்கள் அடுப்பில் போட்ட லெகோ கரி ஞாபகம் இருக்கா? அதுவும் இங்கே செஞ்சதுதான். இன்னைக்கு உர ஆலையும் இல்லை, லெகோவும் இல்லை. ஆக, நாம அறிவியலுக்கு எதிரி இல்லை. கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு இது தேவைதான்.

ஆனா "சுத்தம்"னு சொல்றீங்களே, எங்கே சுத்தம்? வண்டியின் புகைக்குழாயில் கந்தகம் இருக்காது, உண்மை. ஆலையில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு எங்கே போகும்? உலகத்திலேயே ஒரே இடத்திலிருந்து அதிக அளவு கரியமில வாயு வெளியேறும் ஆலைகளில் ஒன்று அந்த செகுண்டாதான். அதைப் பிடிச்சு வைக்க ஏற்பாடு இல்லைன்னா, டெல்லிக்குச் சுத்தம், கடலூருக்குப் புகை!

அடுத்தது தண்ணி. சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை இறைச்சுக் கொட்டுறதை இத்தனை வருஷமா பார்க்கிறோம். இந்த ஆலைக்கும் நீராவி வேணும், குளிர்விக்கத் தண்ணி வேணும். அது எந்த ஊர்க் கிணத்துலேருந்து?

மெத்தனால் என்ற பேரைக் கேட்டாலே பக்கத்து மாவட்டத்துக்காரங்களுக்கு நெஞ்சு பதறுது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிரைக் குடிச்சது இதே திரவம்தான். நாளைக்கு 1,200 டன் வெளியே போகுதுன்னா, ஒரு டேங்கர் கூட வழி மாறாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு?

2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர் மேல இயந்திரத்தை ஏத்தினதை நாம மறக்கல. அதனால கேட்கிறோம்: நிலம் கொடுத்த குடும்பத்துக்கு இந்த ஆலையில் எத்தனை நிரந்தர வேலை? எழுத்துல கொடுங்க. தண்ணீர்க் கணக்கையும் புகைக் கணக்கையும் தமிழில் அச்சடிச்சு ஊராட்சி ஊராட்சியா ஒட்டுங்க. கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போ வச்சாலும் பட்டாவைக் கையில எடுத்துக்கிட்டு நாங்க முன்வரிசையில உட்கார்ந்திருப்போம்.