கணினிவழித் தமிழ்த்தொண்டு

தொண்டு என்றதும் உழவாரப் பணியும் அன்னதானமும் நினைவிற்கு வரும். கணினித் தொழிலிலும் அதற்கு இடமுண்டு.

1985இல் மலேசியரான முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பேரமைப்பு அன்று, சிறு நிறுவனமே. தமிழரிற் பலர் மின்னஞ்சலில் தாய்மொழியை ஆங்கில எழுத்துகளால் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கிலப் பலகையில் ஒலித்தபடியே தட்டினால் திரையில் தமிழாகத் தோன்றும் முறையை அம்மென்பொருள் அளித்தது. அதன் ஒரு பதிப்பை அவர் விலையின்றியே வழங்கினார். விற்றுப் பிழைக்க வேண்டிய நிறுவனத்திற்கு அஃது எளிய முடிவா, என்ன!

2005 பொங்கலின்போது வெளிவந்த 'செல்லினம்' கைப்பேசிக்கும் தமிழைக் கொணர்ந்தது. இன்று நிபோங் திபால் அன்பர் ஒருவர், பால்குடம் புறப்படும் நேரத்தை உறவினர்க்குத் தமிழிலேயே அறிவிக்க இயல்கிறது. அதற்கு வழி சமைத்தோருள் அவரும் ஒருவர்.