இரண்டாம் தடவை வருகிறவர்கள்



ஜூலை மாதம் பிறந்ததும் கண்டி நகரத்து ஹோட்டல் மண்டபங்களில் பதவியேற்பு விழாக்கள் தொடங்கிவிடும். ரோட்டரிக் கழகங்களுக்கும் லயன்ஸ் கழகங்களுக்கும் ஆண்டு பிறப்பது ஜூலை முதலாம் திகதியில்தான். பழைய தலைவர் தம் கழுத்திலுள்ள பதக்கச் சங்கிலியைக் கழற்றிப் புதிய தலைவருக்கு அணிவிப்பார். புதியவர் தம்முடைய ஆண்டுத் திட்டங்களை வாசிப்பார். கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம், தோட்டப் பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கி, பிள்ளைகளுக்குக் கொப்பியும் சப்பாத்தும், பெரஹெரா காலத்தில் தாகசாந்தி என்று பட்டியல் நீளும். கைதட்டல் எழும். அடுத்த வாரம் பத்திரிகையில் படம் வரும்.

அந்த மண்டபத்துக்கு வெளியே இருக்கும் நமக்கு இவர்கள் யார், உண்மையில் என்ன செய்கிறார்கள், இதனால் நமக்கு என்ன பயன் என்ற கேள்விகள் உண்டு. வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு கும்பிடு போடுவதோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்றைய உரையில் இந்தக் கழகங்களை வேறொரு அளவுகோல் கொண்டு பார்ப்போம். ஒரு கழகம் எவ்வளவு கொடுத்தது என்பதைப் பத்திரிகை சொல்லிவிடும். கொடுத்த இடத்துக்கு அது இரண்டாம் தடவை போனதா என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1905 பெப்ரவரி 23 ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் மூன்று நண்பர்களோடு கூடியபோது ரோட்டரி பிறந்தது. வேற்றூரிலிருந்து வந்து பெரிய நகரத்தில் தொழில் செய்பவர்களுக்கு நட்பு வேண்டும் என்பதே தொடக்க நோக்கம். சேவை பிறகுதான் வந்தது. அவர்கள் எடுத்த முதலாவது பொதுப்பணி என்ன தெரியுமா? 1907 இல் சிக்காகோ நகரில் பொதுக் கழிப்பறை கட்டுவிக்க முனைந்தார்கள். நகரத்துக்கு வேலையாக வரும் ஏழைக்கும் பெண்ணுக்கும் அவசரத்துக்கு ஒதுங்க இடமில்லாதிருந்த காலம் அது. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலும் குட்ஷெட் பஸ் நிலையத்திலும் கைக்குழந்தையோடு காத்து நின்ற எந்தத் தாய்க்கும் இந்தப் பணியின் அருமை விளங்கும்.

லயன்ஸ் இயக்கம் 1917 இல் மெல்வின் ஜோன்ஸ் என்பவரின் முயற்சியால் அதே சிக்காகோவில் உருவானது. 1925 இல் அவர்களுடைய மாநாட்டுக்கு, பார்வையும் செவிப்புலனும் இழந்திருந்த ஹெலன் கெல்லர் வந்தார். பார்வையற்றோருக்காகப் போராடும் வீரர்களாக மாறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளின் பலனாகத்தான் உலகின் பல பாகங்களிலும் லயன்ஸ் கழகங்கள் கண் முகாம் நடத்துகின்றன.

இலங்கையில் முதலாவது ரோட்டரிக் கழகம் 1929 இல் கொழும்பில் அமைந்தது. பின்னர் கண்டி முதலான நகரங்களுக்கும் இயக்கம் பரவியது. இந்தச் சிறிய நாட்டிலிருந்து இரண்டு பேர் உலகத் தலைமைக்கே போயிருக்கிறார்கள். மகேந்திர அமரசூரிய 2007-2008 இல் லயன்ஸ் இயக்கத்தின் சர்வதேசத் தலைவராக இருந்தார். கே. ஆர். ரவீந்திரன் 2015-2016 இல் ரோட்டரியின் உலகத் தலைவராக இருந்தார்.

ரவீந்திரனின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒரு கதை உண்டு. இளம்பிள்ளை வாதம் என்ற போலியோ நோயை உலகத்திலிருந்தே ஒழிப்பது என்று ரோட்டரி 1985 இல் இறங்கியது. 1988 இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்த பெரிய முயற்சியாக அது விரிந்தபோது, ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் அந்த நோய்க்கு ஆளாகிக்கொண்டிருந்தார்கள். அதாவது நாளொன்றுக்கு ஆயிரம் பிள்ளைகள் அளவில். இலங்கையில் 1990களில் தேசிய நோய்த்தடுப்பு நாட்கள் தொடங்கியபோது வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. சொட்டு மருந்து ஒரு பக்கத்துப் பிள்ளைக்குக் கிடைத்து மறுபக்கத்துப் பிள்ளைக்குக் கிடைக்காவிட்டால் நோய் போகாது. அப்போது அரசாங்கம், யுனிசெப், ரோட்டரி மூன்றும் அடங்கிய செயலணிக்கு ரவீந்திரன் தலைமை தாங்கினார். யுனிசெப் வழியாகப் பேச்சு நடந்து, அந்தக் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைத்தன. பிள்ளைகள் சொட்டு மருந்து குடித்தார்கள்.

இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி கண்டறியப்பட்டது 1993 இல். அதோடு வேலை முடிந்தது என்று யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பின்னும் ஆண்டுதோறும் மருந்து கொடுத்தார்கள், நோய் தலைகாட்டுகிறதா என்று கண்காணித்தார்கள். 2014 மார்ச் 27 ஆம் திகதிதான் இலங்கையும் இந்தியாவும் அடங்கிய, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பிராந்தியம் போலியோ அற்றது என்று அறிவிக்கப்பட்டது. கடைசி நோயாளிக்கும் அந்த அறிவிப்புக்கும் இடையில் இலங்கைக்கு இருபது ஆண்டுகள். அந்த இருபது ஆண்டுகளில் கழகத் தலைவர்கள் ஆண்டுக்கு ஒருவராக மாறியிருப்பார்கள். வேலை மாறவில்லை. சேவைக் கழகம் ஒன்று சாதிக்கக்கூடியதன் உச்சம் இது என்று நான் நினைக்கிறேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். கண்டி தேசிய வைத்தியசாலை கண்டி நகரத்துக்கு மட்டும் உரியதாக இல்லை. மாத்தளை, நுவரெலியா, பதுளை என்று மத்திய மலைநாடு முழுவதும் அதை நம்பியிருக்கிறது. விடியற்காலையில் கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் முதல் பஸ் பிடித்துக் கிளினிக்குக்கு வருகிறார்கள். எந்த வரிசையில் நிற்பது, எந்த அறைக்குப் போவது, வைத்தியர் சொன்ன மாத்திரையை எப்போது விழுங்குவது என்று சிங்களம் தெரியாத ஒரு தோட்டத்து அம்மா தடுமாறி நிற்பதை நம்மில் பார்க்காதவர் இல்லை. சக்கர நாற்காலி அன்பளிப்புச் செய்வது நல்ல காரியம்தான். ஆனால் கிளினிக் நாட்களில் இரண்டு மொழியும் தெரிந்த இரண்டு இளைஞர்களை அங்கே நிறுத்திவைக்க ஒரு கழகம் முன்வந்தால், செலவு சொற்பம், பலன் பெரிது. ரோட்டரி, லயன்ஸ் இயக்கங்களின் இளையோர் பிரிவுகளாகப் பாடசாலை மாணவருக்கான இன்டராக்ட் கழகங்களும், மாணவரும் இளைஞரும் சேரும் லியோ கழகங்களும், பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்கான ரோட்டராக்ட் கழகங்களும் இருக்கின்றன. ஆளுக்குப் பஞ்சமில்லை.

கண் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாற்பது வயது தாண்டினால் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். அலுவலகத்தில் இருப்பவர் உடனே மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வார். மலையில் கொழுந்து எடுக்கும் பெண் போட்டுக்கொள்வதில்லை. அவரும் அதை ஒரு குறையாக நினைப்பதில்லை, துரையும் கங்காணியும் நினைப்பதில்லை. இந்தியாவின் அசாம் மாநிலத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2018 இல் அதன் முடிவு வெளிவந்தது. ஒரு சாராருக்குச் சாதாரண வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுக்கப்பட்டது. அவர்கள் நாளொன்றுக்கு எடுத்த கொழுந்து, கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிடும்போது ஏறத்தாழ 22 வீதம் கூடுதலாக உயர்ந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் உயர்வு இன்னும் அதிகம். எடுத்த கொழுந்தின் நிறையைப் பார்த்துக் கூலி பேசப்படும் நம் தோட்டங்களில் இது நேரடியாகக் குடும்ப வருமானத்தைத் தொடும் விஷயம்.

ஆகவே கண் முகாம் நடத்துங்கள் என்று கழகங்களைக் கேட்போம். ஆனால் எப்படி நடத்துவது? பிள்ளைக் காம்பராவிலோ பாடசாலை மண்டபத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசை போட்டு நூறு பேரின் கண்ணைப் பார்த்துவிட்டு வருவது முதல் பாதி. கண்புரை என்று துண்டு எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் வைத்தியசாலைக்குப் போனார்கள்? போகாதவர்கள் ஏன் போகவில்லை? பஸ் காசு இல்லையா, ஒரு நாள் பேரும் கூலியும் போய்விடும் என்ற பயமா, துணைக்கு வர ஆள் இல்லையா? சத்திர சிகிச்சை முடிந்தவர் வாரக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டுமே, விடுகிறாரா? இந்தக் கேள்விகளுக்கு விடை இரண்டாம் தடவை போகும்போதுதான் கிடைக்கும்.

கண் தானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தத் துறையில் உலகமே நம் நாட்டை மதிக்கிறது. ஹட்சன் சில்வா என்ற வைத்தியர், தம் தாயார் இறந்தபோது அவருடைய கருவிழியை ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தி வழிகாட்டினார். 1961 இல் அவர் நிறுவிய இலங்கைக் கண்தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் கருவிழிகளை அனுப்பிவருகிறது. இறந்த சில மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும் என்பதால், கண்ணைத் தானம் செய்ய விரும்புகிறவர் படிவத்தில் கையெழுத்திட்டால் மட்டும் போதாது. வீட்டாரிடமும் சொல்லிவைக்க வேண்டும். இழவு வீட்டில் தொலைபேசியை எடுத்துச் சங்கத்தை அழைக்கப்போவது அவர்கள்தானே.

இரத்ததானத்துக்கும் இரண்டாம் தடவை என்ற அதே கணக்குத்தான். காசு வாங்காமல் தாமாக முன்வருபவர்களிடமிருந்தே நம் இரத்த வங்கிகள் முழுத் தேவையையும் பெறுகின்றன. எல்லா நாடுகளும் இந்த நிலையை எட்டவில்லை. பதினெட்டு முதல் அறுபது வயது வரையானவர்கள், ஐம்பது கிலோவுக்கு மேல் நிறையும் நல்ல உடல்நலமும் உள்ளவர்கள், நான்கு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். சிக்கல் எங்கே என்றால், வெசாக், பொசன் காலங்களில் கொடையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். பிறகு முகாம்கள் குறைந்துவிடும். செங்குருதிக் கலங்களைச் சுமார் ஐந்து, ஆறு வாரங்களே வைத்திருக்க முடியும். குருதிச் சிறுதட்டுக்களை ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். தலசீமியா நோயுள்ள பிள்ளைக்கோ மாதாமாதம் இரத்தம் வேண்டும். ஆகவே ஒரே நாளில் முந்நூறு பேரைச் சேர்க்கும் கழகத்தை விட, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை அதே நூறு பேரைத் திரும்ப அழைத்துவரும் கழகம் இரத்த வங்கிக்கு அதிகம் உதவுகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தை எப்படிப் புரட்டிப்போட்டன என்பதை நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாடு முழுவதும் 600 க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படியான அனர்த்தம் நேர்ந்தால் முதல் வாரத்தில் சமைத்த சாப்பாடும் உடுப்பும் லொறி லொறியாக வரும். சில இடங்களில் மிஞ்சியும் போகும். ஆறாவது மாதத்தில் அந்தக் குடும்பத்துக்குக் காணி கிடைத்ததா, பிள்ளை பாடசாலைக்குப் போகிறதா என்று கேட்க ஆள் இருக்காது. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கை ரோட்டரியினர் அழிந்துபோன 25 பாடசாலைகளைத் திரும்பக் கட்டினார்கள். அது ஒரு மாதத்தில் முடிகிற வேலை அல்ல. அந்தப் பொறுமை மலைநாட்டுக்கும் இப்போது தேவை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டு நாட்டில் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் மூவரும் தொழிலால் பழகி, ஒரே மேசையில் தவறாமல் கூடும் இடங்கள் ஒரு நகரத்தில் அதிகம் இல்லை. சேவைக் கழகம் அவற்றில் ஒன்று. வதந்தி பரவும் நாளில் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசக்கூடிய பழக்கம் முன்கூட்டியே இருந்தால்தான் உதவும்.

வரும் மாதங்களில் எதை எதிர்பார்க்கலாம்? எசல பெரஹெரா ஜூலை, ஆகஸ்ட் காலத்தில் வரும். தண்ணீர் கொடுக்கும் கழகங்கள் வெற்றுப் போத்தல்களைச் சேகரிக்கவும் ஆள் நிறுத்தினால் கண்டி வாவி பிழைக்கும். ஒக்டோபர் மாதத்து இரண்டாவது வியாழக்கிழமை உலகப் பார்வை தினம், 15 ஆம் திகதி வெள்ளைப் பிரம்பு தினம், 24 ஆம் திகதி உலகப் போலியோ தினம். நவம்பர் 14 நீரிழிவு தினம். சீனி வருத்தம் கண்ணையும் பறிக்கும் என்பதால் அன்று இரத்தப் பரிசோதனை நடக்கும் இடத்துக்குக் கட்டாயம் போங்கள். புதிய வகுப்புத் தொடங்கும் காலத்தில் பாடசாலை உபகரணங்கள். ஜூன் 14 இரத்தக் கொடையாளர் தினம். அதோடு கழகங்களின் ஆண்டு நிறைவுக்கு வந்துவிடும்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் முகாம் நடக்கும் திகதியோடு, நீங்கள் திரும்பி வரும் திகதியையும் அச்சிடுங்கள். பதவி விலகும் தலைவர் சங்கிலியோடு சேர்த்து, முடிக்காத வேலைகளின் பட்டியலையும் புதியவரிடம் கொடுக்கட்டும். நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்துக்கோ பாடசாலைக்கோ யாராவது உதவி செய்ய வந்தால், வரவேற்று மாலை போடுங்கள். வந்த கழகத்தின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். வழியனுப்பும்போது, அடுத்து எப்போது வருவீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்பது உங்கள் உரிமை.